இன்னும் ஒரு மணி நேரம்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். அதனால ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டிருந்த இந்த விஷயம் தள்ளித் தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. வெளிய மழை. மழை வந்தா மத்தவங்களுக்கு பஜ்ஜி ஞாபகம் வரும். எனக்கு ஈர நெல்லு ஞாபகம் வருது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பெரிய கதை. டீ இருந்தா எடுத்துட்டு வந்து உக்காருங்க.

எனக்கு சொந்த ஊரு மன்னார்குடி பக்கம். படிச்சது ஈசிஇ. பொழைக்கிறது ஓஎம்ஆர்ல, மத்தவங்க எழுதின ஜாவா கோடுக்கு ஒட்டுப் போட்டு. ஊர்ல எங்களுக்கு இருக்கறது ஒன்பது மா, அதாவது 3 ஏக்கர். அப்பா வாத்தியார் வேலைக்குப் போயிட்டதால அதைப் பார்த்துக்கறது சித்தப்பா தான். நான் ஸ்கூல் படிக்கிறப்ப வயல்ல இறங்கினா "போடா, போய் படி"ன்னு துரத்துவார். படிச்சுட்டேன். படிச்சதை வெச்சு அவருக்கு என்ன பண்ணேங்கறது தான் இந்தக் கதை.

முதல்ல பிரச்சினை என்னன்னு சொல்லிடறேன். குறுவை அறுப்பு வர்ற நேரமும் வடகிழக்கு மழை வர்ற நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணு. புரட்டாசிக் கடைசி, ஐப்பசி. அந்தக் காலத்துல கையால அறுத்து, கட்டு கட்டி, களத்துல அடிச்சு, தூத்தி எடுக்கறதுக்குள்ள நெல்லு பாதி காஞ்சிடும். இப்ப அறுவடை மிஷின் ஒரு மணி நேரத்துல ஒரு ஏக்கரை அறுத்துக் கொட்டிட்டுப் போயிடுது. கொட்டும்போது நெல்லுல ஈரம் 20 லேர்ந்து 25 சதவீதம் வரைக்கும் இருக்கும். கொள்முதல் நிலையத்துல வாங்கற வரம்பு 17. மழை அதிகமான வருஷம் கேட்டுப் பார்ப்பாங்க. 2022 அக்டோபர்ல மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு 19 வரைக்கும் தளர்த்திக் குடுத்துச்சு. ஆனா அதை நம்பி யாரும் வெள்ளாமை பண்ண முடியாது.

22க்கும் 17க்கும் நடுவுல இருக்கற அந்த 5 சதவீதம் தான் டெல்டாவுல பாதி பேரோட ரத்தக் கொதிப்பு. ரோட்டுல நெல்லு காயறதைப் பார்த்து "டிராஃபிக்குக்கு இடைஞ்சலா இருக்கே"ன்னு கார்லேர்ந்து எரிச்சல் பட்டிருப்பீங்க. நானும் பட்டிருக்கேன். களம் பத்தாம, வெயில் எந்த நேரம் போயிடுமோன்னு பயந்து, வேற வழியில்லாமத் தான் அங்க கொட்டறாங்க.

சித்தப்பாவும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து ஒரு பட்டறையில சொல்லி ட்ரையர் ஒண்ணு செஞ்சாங்க. பெருசா ஒண்ணும் இல்ல. 14 அடிக்கு 9 அடி ஒரு தொட்டி. அடியில ஓட்டை போட்ட தகரம். அதுக்குக் கீழ காலி இடம். பக்கத்துல உமி அடுப்பு, 5 எச்பி மோட்டார்ல ஒரு ப்ளோயர். தொட்டியில ஒரு அடி உசரத்துக்கு நெல்லைக் கொட்டினா 2 டன் பிடிக்கும். அடுப்போட சூட்டை ப்ளோயர் இழுத்து அடியில தள்ளும், அது நெல்லு வழியா மேல ஏறிப் போகும். அவ்ளோ தான்.

காத்தை ஏன் சூடு பண்ணணும், சும்மா ஊதினா காயாதான்னு நான் கேட்டேன். (ஈசிஇ தானே, மன்னிச்சிடுங்க.) அப்புறம் படிச்சுத் தெரிஞ்சிக்கிட்டேன். நெல்லு எவ்வளவு காயும்ங்கறதை அதைச் சுத்தி இருக்கற காத்தோட ஈரம் தான் தீர்மானிக்குது. அடைமழைக் காத்துல ஈரம் 90 சதவீதம். அந்தக் காத்தை விடிய விடிய ஊதினாலும் நெல்லு 17, 18க்குக் கீழ இறங்கவே இறங்காது. அதே காத்தை 28 டிகிரியிலேர்ந்து 38 டிகிரிக்கு ஏத்தினா போதும், அதோட ஈரப்பதம் 90 லேர்ந்து 51க்கு வந்துடும். தண்ணி அதே தண்ணி தான், ஆனா சூடான காத்துக்குத் தாகம் ஜாஸ்தி.

ரொம்ப சூடு பண்ணாலும் ஆபத்து. நெல்லோட வெளிப்பக்கம் வேகமா காஞ்சு உள்பக்கம் ஈரமா இருந்தா, அரிசியில கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அரவைக்குப் போனா நொய்யா வரும். விதை நெல்லா இருந்தா 43 டிகிரிக்கு மேல காத்து போகவே கூடாது, முளைப்பு போயிடும். மணிக்கு ஒரு சதவீதம் இறங்கினா நல்ல வேகம். அப்படின்னா ராத்திரி பூரா ஒருத்தர் பக்கத்துல உக்காந்து அடுப்பையும் நெல்லையும் பார்த்துட்டே இருக்கணும்.

அந்த ஒருத்தர் சித்தப்பா. வயசு 61. முட்டி வலி.

"இவ்ளோ தானே, ஆட்டோமேட் பண்ணிடலாம் சித்தப்பா"ன்னு சொன்னேன். சாஃப்ட்வேர்க்காரன் வாயிலேர்ந்து வர்ற ரொம்ப ஆபத்தான வாக்கியம் அது.

2024 கோடை பூரா சனி ஞாயிறு அதுலயே போச்சு. ஒரு ஈஎஸ்பி32 போர்டு. அடியில ஒரு டெம்பரேச்சர் சென்சார், மேல ஒரு ஈரப்பத சென்சார், நெல்லுக்குள்ள குத்தி வைக்கற ஒரு ஈரமானி. சூடு ஏறினா கதவைத் திறந்து குளிர் காத்தைக் கலக்கறதுக்கு ஒரு சின்ன மோட்டார். எல்லாத்துக்கும் மேல நம்ம பெருமை... மொபைல் ஆப்! ஆறு ஸ்க்ரீன். நீலத்துல ஒரு கிராஃப், ஆரஞ்சுல ஒரு கிராஃப். நெல்லு எத்தனை மணிக்குக் காயும்னு ஒரு கணிப்பு வேற. என் ரூம்மேட் பார்த்துட்டு "மச்சி, இதை வெச்சு ஸ்டார்ட்டப்பே ஆரம்பிக்கலாம்டா"ன்னான். நானும் ரெண்டு நாள் அந்தக் கனவுல இருந்தேன்.

சித்தப்பா கிட்ட ஆப்பைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு, போனைத் தள்ளிப் பிடிச்சு, ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்குடா"ன்னார். எனக்கு அன்னிக்கு அது பாராட்டு மாதிரி கேட்டுச்சு.

அந்த வருஷம் மேட்டூர் வழக்கம் போல ஜூன் 12ல திறக்கலை, ஜூலை கடைசியில தான் திறந்தாங்க. போர் இருந்ததால சித்தப்பா குறுவை போட்டுட்டார். ஆடுதுறை 43. முதல் ஏக்கர் நெல்லு வெயில்லயே காஞ்சு போயிடுச்சு. அடுத்த ரெண்டு ஏக்கர் அறுத்த அன்னிக்கு சாயங்காலமே வானம் கறுத்துச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம், இதை வெளிய சொல்ல வெக்கமா தான் இருக்கு. நம்ம மிஷினுக்கு சான்ஸ் வந்துடுச்சுங்கற சந்தோஷம்.

2 டன்னைத் தொட்டியில கொட்டினோம். ஈரம் 22. நிறுத்த வேண்டிய இடம் 16.5ன்னு செட் பண்ணேன். சாயங்காலம் 7 மணிக்கு ஓட ஆரம்பிச்சுது. ராத்திரி 11 மணி வரைக்கும் கிராஃப் கோடு போட்ட மாதிரி அழகா இறங்கிட்டிருந்துச்சு. "சித்தப்பா, இனிமே அது பார்த்துக்கும், நீங்க தூங்குங்க"ன்னுட்டு நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன். அவர் கொட்டகையிலயே கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டார்.

விடியக் காலை 3 மணிக்கு என்னை எழுப்பினார்.

"டேய் தம்பி, மிஷின் நின்னுடுச்சுடா. ஸ்டார்ட்டரைப் போட்டா பத்து எண்றதுக்குள்ள மறுபடியும் நிக்குது. மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன்."

நான் தூக்கக் கலக்கத்துல ஆப்பைத் திறந்தேன். 16.4. பச்சை எழுத்துல 'டார்கெட் ரீச்டு'. "ஆயிடுச்சு சித்தப்பா. அதான் நின்னுருக்கு."

"மேல ஈரமா இருக்குடா. கடிச்சுப் பார்த்தேன், பல்லுல நசுங்குது."

அப்ப நான் சொன்ன பதில் இன்னிக்கும் வார்த்தை மாறாம ஞாபகம் இருக்கு. "சென்சார் உள்ள இருக்கு சித்தப்பா. உங்க கைக்குத் தெரியாதது அதுக்குத் தெரியும்."

அவர் ஒண்ணும் சொல்லலை. படிச்ச புள்ள சொல்றான்னு விட்டுட்டார்.

காலையில 40 கிலோ சிப்பமா பிடிச்சோம். 48 சிப்பம். டிராக்டர்ல ஏத்தி கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனோம். ஈரமானியில 18.9. வேற ரெண்டு மூட்டையிலேர்ந்து எடுத்துப் பார்த்தாங்க. 19.2, 18.5. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை, இருக்கறது தானே காட்டும். எங்களுக்குப் பின்னாடி நாப்பது பேர் நிக்கறாங்க. மூட்டையை ஓரமா இறக்கிட்டோம். திருப்பி ஏத்திட்டு வர வண்டி கிடைக்கலை. அன்னிக்கு மத்தியானம் பிடிச்ச மழை ரெண்டு நாள் விடலை.

தார்ப்பாயைப் போத்தி வெச்சிருந்தோம். மூணாவது நாள் சாக்குக்குள்ள கையை விட்டா வெந்நீர் மாதிரி சுட்டுச்சு. ஈர நெல்லு சும்மா இருக்காது, மூச்சு விடும். விட்ட மூச்சு சூடாகும், சூடு வெளிய போக வழியில்லாம அதுக்குள்ளயே புழுங்கும். அந்தப் புளிச்ச வாசனை எனக்கு இன்னும் மூக்குலயே இருக்கு. கீழ் வரிசை மூட்டையில சாக்குத் துணி வழியா வெள்ளையா முளை எட்டிப் பார்த்துச்சு.

அந்த வருஷம் சன்ன ரகத்துக்கு ஊக்கத்தொகையோட சேர்த்து குவிண்டால் 2,450 ரூபா. 47 ஆயிரம் வந்திருக்கணும். தனியார் வியாபாரி ஒருத்தர் 1,600 ரூபாய்க்கு எடுத்துக்கிட்டார். 30 ஆயிரத்து சொச்சம். 16 ஆயிரம் போச்சு. நான் குடுத்துடறேன்னு சொன்னேன். சித்தப்பா "நெல்லுக்குத் தான் காசு குடுப்பாங்க, முட்டாள்தனத்துக்கு யாரு குடுப்பா"ன்னு சிரிச்சார். யாரோட முட்டாள்தனம்னு சொல்லலை.

இதுல பெரிய அடி எது தெரியுமா? மூணாவது ஏக்கர் நெல்லு வேற ஈரமா குவிச்சுக் கிடந்துச்சு இல்லையா. நான் மெட்ராஸுக்கு பஸ் ஏறினதும், சித்தப்பா என் பெட்டியோட ஒயரையெல்லாம் கழட்டி வெச்சுட்டு, ட்ரையரைக் கையாலயே ஓட்டி, ராத்திரி பூரா உக்காந்து அதைக் காய வெச்சார். கொள்முதல் நிலையத்துல 16.8. ஒரே தடவையில பாஸ்.

தப்பு எங்கன்னு கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிஷம் தான் ஆச்சு. ஈரமானியை நான் தொட்டியோட அடிப்பக்கத்துல வெச்சிருந்தேன். அங்க தான் ஒயர் எட்டுச்சு, வேற எந்த சயின்ஸும் கிடையாது. இந்த மாதிரி தொட்டியில காத்து கீழேர்ந்து மேல போகுது. அதனால அடி நெல்லு முதல்ல காயும். அங்க ஈரத்தைக் குடிச்ச காத்து, மேல போகும்போது தாகம் தீர்ந்து போய்த் தான் போகும். காயற இடம் ஒரு பட்டை மாதிரி மெதுவா கீழேர்ந்து மேல ஏறும். அடியில 16 இருக்கும்போது மேல 20க்கு மேல இருக்கும். அதுக்குத் தான் நடுவுல ஒரு தடவை நிறுத்திக் கிண்டி விடணும். என் ஆறு ஸ்க்ரீன்ல ஒண்ணுல கூட 'இப்ப கிண்டுங்க'ன்னு வராது.

ஆனா சென்சாரை வெச்ச இடம் சின்னத் தப்பு. ரெண்டு அடி ஒயர் வாங்கினா சரியாயிடும். பெரிய தப்பு வேற. பத்து எண்றதுக்குள்ள மறுபடியும் நின்னுச்சுன்னு சொன்னார் இல்ல, அது நானே யோசிச்சு எழுதின ஒரு இஃப் கண்டிஷன். 'இலக்கு வந்துட்டா, யாராவது தெரியாம மறுபடி ஓட விட்டாலும் நிறுத்திடு.' யாராவதுன்னா யாரு? அந்தக் கொட்டகையில ராத்திரி 3 மணிக்கு இருக்கறது ஒரே ஒரு ஆளு. நாப்பது வருஷமா நெல்லு கடிச்சுப் பார்க்கற ஆளு. அவரைத் தான் நான் 'தெரியாத யாரோ'ன்னு எழுதி வெச்சிருந்தேன். மூணு தடவை அவர் 'இன்னும் காயலை'ன்னு அந்த மிஷின் கிட்ட சொல்லியிருக்கார், அவருக்குத் தெரிஞ்ச ஒரே பாஷையில, ஸ்டார்ட்டரை அமுக்கி. மூணு தடவையும் என் இஃப் அவர் வாயை மூடிடுச்சு.

ஆபீஸ்ல 'யூசர் ஃப்ரெண்ட்லி'ன்னு ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லுவோம். பட்டன் பெருசா இருக்கணும், கலர் நல்லா இருக்கணும், மூணு கிளிக்ல முடியணும். அன்னிக்குத் தான் தோணுச்சு, ஃப்ரெண்டுன்னா நாம 'இல்லடா, தப்பு'ன்னு சொன்னா காது குடுத்துக் கேக்கறவன் தானே?

2025 தையில லீவு போட்டுட்டு ஊருக்குப் போனேன். லேப்டாப் எடுத்துட்டுப் போகலை. ஒரு கோடு போட்ட நோட்டு மட்டும். சம்பா அறுப்பு நடந்துட்டிருந்துச்சு, பனிக்காலம்ங்கறதால பங்காளிங்க ட்ரையரை ஓட்டிட்டிருந்தாங்க. மூணு ராத்திரி சித்தப்பா பக்கத்துல சும்மா உக்காந்து, அவர் என்ன பண்றாருன்னு மட்டும் எழுதினேன்.

அரை மணிக்கு ஒரு தடவை முழங்கை வரைக்கும் கையை நெல்லுக்குள்ள விடுவார். ஒரே இடத்துல இல்ல, நாலு மூலை, நடு. "மேல சில்லுன்னு இருந்தா தண்ணி இன்னும் ஏறிட்டிருக்குன்னு அர்த்தம். மேலயும் வெதுவெதுப்பா ஆச்சுன்னா முடியப் போகுது." அப்புறம் ஒரு பிடி அள்ளி உசரத்துலேர்ந்து விடுவார், சத்தம் கேப்பார். ஈரம் இருந்தா 'பொத பொத'ன்னு விழும், காஞ்சா 'சலசல'. கடைசியா மூணு நாலு நெல்லைக் கடிப்பார். 'கடக்'னு ரெண்டா உடையணும்.

நோட்டுல இதையெல்லாம் எழுதிட்டு அந்த முதல் வரியைத் திரும்பப் படிச்சப்ப சிரிப்பு வந்துடுச்சு. ஈரம் ஆவியாகற வரைக்கும் அந்த இடம் குளிர்ச்சியா இருக்கும், காயற பட்டை மேல வந்து தாண்டினதும் சூடாகும். புத்தகத்துல இருக்கறதே இது தான். விலை ஜாஸ்தியான ஈரமானி தேவையே இல்ல. அடி, நடு, மேல்னு மூணு இடத்துல சாதா டெம்பரேச்சர் சென்சார் வெச்சா, சித்தப்பாவோட முழங்கை பண்ற வேலையைப் பாதி பண்ணிடலாம்.

ஈரமானியைப் பத்தியும் ஒண்ணு தெரிஞ்சிக்கிட்டேன். சுடச்சுட எடுத்த நெல்லை வெச்சா அது தப்பா காட்டும். அஞ்சாறு இடத்துல, மேல கீழன்னு எடுத்துக் கலந்து, மூடி வெச்சு ஆற விட்டுத் தான் பார்க்கணும். அதுக்கு சித்தியோட பழைய டிபன் பாக்ஸ் வந்து சேர்ந்துச்சு. அதுல கொஞ்சம் நெல்லை மெட்ராஸுக்கு எடுத்துட்டு வந்து, தெரிஞ்ச லேப் ஒண்ணுல 130 டிகிரி அவன்ல 16 மணி நேரம் வெச்சு எடை போட்டு, எங்க ஈரமானி எவ்வளவு தள்ளிக் காட்டுதுன்னு சரி பார்த்துக்கிட்டேன்.

இன்னொரு பாடம் வியட்நாம்லேர்ந்து. மேகாங் டெல்டாவுல நம்ம மாதிரியே மழைக்கால அறுப்பு. அங்கயும் இதே தொட்டி ட்ரையர், இதே உமி அடுப்பு, நெல்லைக் கிண்ட ஆள் கிடைக்காத இதே பிரச்சினை. ஹோ சி மின் நகரத்துல இருக்கற நோங் லாம் பல்கலைக்கழகத்துக்காரங்க என்ன பண்ணாங்கன்னா, காத்தோட திசையையே மாத்தற மாதிரி ஒரு ட்ரையரை வடிவமைச்சுட்டாங்க. கொஞ்ச நேரம் கீழேர்ந்து மேல, அப்புறம் மேலேர்ந்து கீழ. கிண்டவே வேண்டாம். அதுல ஸ்க்ரீன் கிடையாது, ஆப் கிடையாது. ஆனா இடுப்பு வலிக்க நெல்லு கிண்டற வேலை போச்சு. யூசர் ஃப்ரெண்ட்லின்னா அது. எங்க தொட்டியில அந்த வசதி பண்ண இடமும் காசும் இல்ல. அதனால கிண்ட வேண்டிய நேரத்தையாவது சரியா சொல்லணும்னு முடிவு பண்ணேன்.

புதுப் பெட்டி எப்படி இருக்குன்னு சொல்றேன். ஆப் இல்ல.

ஒரு திருகு. அதுல நம்பர் கிடையாது, மூணு வார்த்தை: கொள்முதல், அரவை, விதை. கொள்முதலுக்கு 16.5, அரவைக்கு 14, விதைக்கு 12. விதையில வெச்சா காத்து 40 டிகிரியைத் தாண்டாது. இந்த நம்பரெல்லாம் உள்ள இருக்கு, வெளிய தெரிய வேண்டிய அவசியமில்ல. ஓட்டறதுக்கு முன்னாடி டிபன் பாக்ஸ் நெல்லுல ஈரம் பார்த்து அதை மட்டும் ஒரு தடவை சொல்லணும்.

ரெண்டு விளக்கு. மஞ்சள்னா 'கிண்டுங்க'. அடிக்கும் மேலுக்கும் சூடு ரொம்ப வித்தியாசப்பட்டா எரியும். பச்சைன்னா 'முடிஞ்சுது'ன்னு அர்த்தம் இல்ல, 'வந்து கடிச்சுப் பாருங்க'ன்னு அர்த்தம். விளக்கு எரியும்போதே சித்தப்பா போனுக்கு ஒரு மிஸ்டு கால் போகும். அந்த நம்பரை அவர் 'அடுப்பு'ன்னு சேவ் பண்ணி வெச்சிருக்கார். நெட் வேண்டாம், படிக்க வேண்டாம், பேச வேண்டாம். அடுப்பு கூப்பிடுது, அவ்ளோ தான். பச்சை எரிஞ்சு அரை மணி நேரம் யாரும் வரலைன்னா சூட்டை வெட்டிட்டு, கொஞ்ச நேரம் வெறுங்காத்து ஊதி ஆற வெச்சுட்டு, தானா நிக்கும்.

ஒரு பெரிய பட்டன். அதுல பெயிண்ட்ல எழுதியிருக்கு: 'இன்னும் ஒரு மணி நேரம்'. எப்ப அமுக்கினாலும் ஓடும். காரணம் கேக்காது. சென்சார் என்ன சொன்னாலும் சரி.

மிஷின் பிடிவாதம் பிடிக்கற இடம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு, சூடு வரம்பைத் தாண்டினா குளிர் காத்துக் கதவு திறந்தே தீரும். ரெண்டு, கரண்ட் போய்ட்டு வந்தா தானா ஓடாது. ஏன்னா அந்த நேரம் பார்த்து சித்தி தொட்டிக்குள்ள நின்னு கிண்டிட்டிருக்கலாம், ப்ளோயர் பெல்ட்டுல யாராவது கை வெச்சிருக்கலாம். ஹாரன் அடிச்சுக் கூப்பிடும், ஆளு வந்து அமுக்கினா தான் ஓடும். கரண்ட் போனா ப்ளோயர் நின்னுடும், ஆனா உமி அடுப்பு நிக்காது, சூடு உள்ளயே தங்கும். அதுக்கு நான் சாஃப்ட்வேர் எழுதலை. ப்ளோயர் காத்து தள்ளற வரைக்கும் மூடியிருக்கற ஒரு தகரக் கதவு, அதை இழுக்க ஒரு செங்கல். காத்து நின்னா செங்கல் கீழ இறங்கும், கதவு திறந்து சூடு வெளிய போயிடும். என் வாழ்க்கையிலயே பக் இல்லாத மாட்யூல் அந்தச் செங்கல் தான் :-)

என் டீம்ல ஒரு பையன் கிட்ட இதைச் சொன்னப்ப நல்ல கேள்வி ஒண்ணு கேட்டான். "அந்த பட்டனை அவர் தேவையில்லாம அமுக்கினா? ஓவரா காஞ்சு எடை குறையுமே?" குறையும். கணக்கு போட்டுப் பார்த்தேன். 22 ஈரத்துல 2 டன் நெல்லு, 17ல நிறுத்தறதுக்குப் பதிலா 16க்குப் போச்சுன்னா 22 கிலோ எடை குறையும். 2025 குறுவை விலை சன்ன ரகத்துக்கு 2,545 ரூபா. அப்ப நஷ்டம் சுமார் 570 ரூபா. முன்னாடியே நிறுத்தினதால நாங்க விட்டது 16 ஆயிரம். சித்தப்பா தப்பா அமுக்கினா 570, என் மிஷின் தப்பா நிறுத்தினா 16 ஆயிரம். ரெண்டு தப்பும் ஒரே சைஸ் இல்ல. இதுல மெஷின் கையில கடைசி வார்த்தையைக் குடுக்கறதுக்கு என்ன நியாயம்? அதுவுமில்லாம ரெண்டு தப்புக்கும் காசு குடுக்கப் போறது அவர். அப்ப முடிவும் அவரோடது தானே.

2025 குறுவைக்கு வருவோம். மேட்டூர் ஜூன் 12லயே திறந்தாங்க, எல்லாரும் குறுவை போட்டாங்க. ஐப்பசி மழையும் சரியா வந்துச்சு. நான் லீவு போட்டுட்டுப் போயிருந்தேன். இந்தத் தடவை வீட்டுல படுக்கலை, கொட்டகையிலயே இன்னொரு கட்டில்.

ராத்திரி 12 மணிக்கு அடுப்பு கூப்பிட்டுச்சு. மஞ்சள். சித்தியும் நானும் பலகையை எடுத்துட்டு இறங்கிக் கிண்டினோம். பதினஞ்சு நிமிஷத்துல எனக்கு இடுப்பு கழண்டுடுச்சு. சித்தி கதை பேசிட்டே முடிச்சுட்டாங்க. மூன்றரைக்கு மறுபடியும் மிஸ்டு கால். பச்சை.

சித்தப்பா எழுந்தார். கை விட்டார். அள்ளி விட்டார். கடிச்சார். கொஞ்ச நேரம் யோசிச்சார். அப்புறம் அந்தப் பெரிய பட்டனை அமுக்கிட்டு வந்து படுத்துட்டார். என்னை ஒரு வார்த்தை கேக்கலை.

எனக்கு உள்ளுக்குள்ள பரபரன்னு இருந்துச்சு. சென்சார் மூணும் சரியா இருக்கு, கணக்கு சரியா இருக்கு, தேவையில்ல சித்தப்பான்னு சொல்ல நாக்கு வரைக்கும் வந்துச்சு. வாயை மூடிட்டுப் படுத்திருந்தேன். அந்த ஒரு மணி நேரம் வாயை மூடிட்டுப் படுத்திருந்தது தான் இந்த ப்ராஜெக்ட்லயே நான் பண்ண கஷ்டமான வேலை.

கொள்முதல் நிலையத்துல 15.9. பட்டனை அமுக்காம இருந்திருந்தாலும் பாஸ் ஆகியிருக்கும். ஆக, அந்தத் தடவை மிஷின் சரி. ஆனா அடுத்த லோடுல பச்சை எரிஞ்சப்போ எடுத்து வெச்ச டிபன் பாக்ஸ் நெல்லை ஆற வெச்சுப் பார்த்தேன், 17.6. அன்னிக்கும் அவர் பட்டனை அமுக்கியிருந்தார். அந்தத் தடவை சித்தப்பா சரி. தொட்டியோட ஒரு மூலையில காத்து சரியா போகலை, அங்க என் சென்சார் இல்ல, அவர் கை இருந்துச்சு. இப்ப அந்த மூலையிலயும் ஒரு சென்சார் வெச்சாச்சு. சீசன் முடியறதுக்குள்ள பட்டனை அமுக்கறது கொறைஞ்சுடுச்சு. மிஷினை நம்ப ஆரம்பிச்சுட்டாருன்னு நெனைக்கறேன். வேண்டாம்னா மீறலாம்னு தெரிஞ்ச அப்புறம் தான் அந்த நம்பிக்கையே வந்துச்சு.

கிளம்பற அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு வந்து விட்டார். பெட்டி நல்லா இருக்குன்னு சொல்லுவாரோன்னு பார்த்தேன். வண்டியை ஸ்டாண்டு போட்டுட்டு சொன்னார்:

"டேய், அந்த அடுப்பு ஒரு ரிங்ல கட் பண்ணிடுது. நான் தூங்கிட்டா கேக்க மாட்டேங்குது. மூணு ரிங்காவது அடிக்கச் சொல்லு. அப்புறம் அந்த மஞ்சள் விளக்கு வெயில்ல தெரியவே இல்ல. அடுத்த தடவை வரும்போது மாத்திக் குடு."

முதல் மிஷினைப் பத்தி அவர் ஒரு குறை கூட சொன்னதில்லை, "நல்லா இருக்குடா"ன்னு சொல்லிட்டு ஒயரைக் கழட்டி வெச்சுட்டார். இதுக்கு ரெண்டு குறை சொல்றார். ஆபீஸ்ல எத்தனையோ பக் ரிப்போர்ட் பார்த்துட்டேன், பஸ்ல உக்காந்து சிரிச்சுட்டே வந்தது இதுக்கு மட்டும் தான்.

மூணு ரிங் மாத்தியாச்சு. விளக்கு இன்னும் பாக்கி. மழை விடட்டும், ரிச்சி தெருவுக்குப் போகணும்.